நாற்பத்தெட்டாம் கவர்

"நாளைக்குக் கவர்ல என்ன வரும், குட்டி?"

"எனக்கே தெரியாது அண்ணி. ஆபரேஷன் தியேட்டர்ல பிரிக்கற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. அதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி."

"குலுக்கல் சீட்டு மாதிரியா?"

"அதே! கட்டியை எடுத்த பிறகு, அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சு அத்தனையும் எடுத்துடுன்னு ஒரு சீட்டுல இருக்கும். அது பழைய முறை. ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பாரு, சுத்தமா இருந்தா மத்ததை விட்டுடுன்னு இன்னொரு சீட்டுல இருக்கும். அது என்னோட புது முறை. ரெண்டுல எது நல்லதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

"அப்ப சரி. எது வந்தாலும் உன் கையால வரட்டும்." அண்ணி தலையணையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "ஆமா... தெரியாது தெரியாதுன்னு சொல்றவ, எதுக்கு இப்படி நகத்தைக் கடிச்சுத் துப்பறே?"

பத்தொன்பது வருடங்களுக்கு முந்தைய பேச்சு அது.

ஆபரேஷனுக்குக் கை கழுவ நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு ப்ரொபசரின் காதுக்குள் ஒரு தடவை ஓடி முடியும். முடிந்த பிறகுதான் குழாயை மூடுவாள்.

இன்றைக்கு அது முடியவில்லை.

டிரிங்... டிரிங்...!

சுவரில் இருந்த போன் அலறியது. முழங்கை வரை ஈரம் சொட்ட நின்ற ப்ரொபசரின் காதில் நர்ஸ் ரிசீவரை வைத்தாள்.

"மேடம்! செக்யூரிட்டி பேசறேன்! ரெக்கார்டு ரூம்ல... அதைப் பார்த்துக்கற நம்ம பெரியவர்... ஏணிக்குக் கீழே விழுந்து கிடக்கறார் மேடம்! தலையெல்லாம் ரத்தம்...!"

"உயிர் இருக்கா?"

"மூச்சு இருக்கு. பேச்சு இல்லை. யாரோ ஒரு பொம்பளை வார்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டு வெச்சுட்டாங்களாம். அப்புறம் மேடம்... அவர் கையில ஒரு காகிதத் துண்டு இருக்கு. இறுக்கிப் பிடிச்சிருக்கார்."

"என்ன காகிதம்?"

"பழுப்புக் கவரோட மூலை. அதுல நம்பர் போட்டிருக்கு... நாப்பத்தெட்டு."

கழுவிய கையிலிருந்து சொட்டிய நீர் சட்டென்று பனிக்கட்டியாகிவிட்டதைப் போல் இருந்தது ப்ரொபசருக்கு.

நாற்பத்தெட்டு!

அன்றைய ஆபரேஷனை உதவி டாக்டரிடம் ஒப்படைத்தாள். முப்பது வருட சர்வீஸில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

அவளைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடலாம்.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் எவ்வளவு வெட்டலாம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று கேட்டவள். மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'கஞ்சக் கத்தி'. எண்ணூற்றுப் பன்னிரண்டு பெண்களை வைத்து அவள் நடத்திய அந்த ஒரே ஆராய்ச்சி அவளை உலகத்து மேடைகளில் எல்லாம் ஏற்றியது. முடிச்சுகளை விட்டுவைத்தவர்களும் எடுத்தவர்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள். ஆனால், எல்லாவற்றையும் எடுத்தவர்களில் பலருக்குக் கை வீங்கிப்போனது. வாழ்நாள் முழுக்க வீக்கம்.

திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. ஒரிஜினல் கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனால், அவளுடைய முறை பல நாடுகளில் சட்டதிட்டமாகிவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

ரெக்கார்டு ரூம்.

கூரை வரை இரும்பு அலமாரிகள். நடுவில் சாய்ந்து கிடந்த ஏணி. தரையில் சிந்திய ரத்தத்தைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. பெரியவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. ஐம்பதை நெருங்குபவர். கட்டையாக வெட்டிய முடி. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலமாரிகளை அண்ணாந்து பார்த்தார்.

"டாக்டர்! எங்க ஸ்டேஷன்லதான் ஃபைல் அதிகம்னு நினைச்சேன். நீங்க எங்களையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போல!"

ப்ரொபசர் சிரிக்கவில்லை.

"நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும் மட்டும் காணோம். மத்த கவர் எல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு. அப்படி என்ன டாக்டர் இருக்கு அந்த ரெண்டுல?"

"ஆளுக்கு ஒரு கவர். யாருக்கு எந்த முறையில ஆபரேஷன்னு சொல்ற சீட்டு உள்ளே இருக்கும். சீட்டைக் குலுக்கிப் போட்டு ஒட்டினவர் இப்ப உயிரோட இல்லை. பட்டியலும் கிடையாது. கவர்தான் சாட்சி."

"டாக்டருக்கே உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா, தனக்கு வேண்டியவங்களுக்கு வேண்டியதைச் செஞ்சுடுவாங்க. அதனால..."

சொல்லும்போதே பார்வையை அலமாரி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ம்... நல்ல ஏற்பாடு. யார் போட்டது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

"வராந்தா கேமரா. காலையில ஒன்பது பத்து. இது யாருன்னு தெரியுதா பாருங்க."

திரையில் ஒரு பெண். முகத்தை மறைத்துப் போர்த்திய சால்வை. இடது தோளில் துணிப்பை. வேகமாக நடக்கிறாள்... வலது கை மட்டும் உடம்போடு ஒட்டாமல், சால்வைக்குள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல விலகி நிற்கிறது.

ப்ரொபசர் திரையை நோக்கிக் குனிந்தாள்.

முகம் எதற்கு? அப்படிப்பட்ட கைகளை ஆயிரம் பார்த்தவள் அவள். அந்த ஆயிரத்தில் இந்த ஒரு கையை மட்டும் பார்க்காமல் தப்பித்துக்கொண்டே வாழ்ந்தவளும் அவள்தான்.

அண்ணி!

"தெரியுதா டாக்டர்?"

"இ... இல்லை. தெரியலை."

"சரி. தெரிஞ்சா சொல்லுங்க." இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினார். "உங்க பேஷன்ட் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் எடுத்துக்கறேன். ரெண்டு நம்பரும் யார் யாருன்னு பார்க்கணுமில்ல?"

*

அவள் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பதினைந்து நிமிடமும் அந்தப் பழைய காலைதான் கண் முன்னால் நின்றது.

அன்றைக்கு முதல் ஆபரேஷன் அண்ணிக்கு. நாற்பத்தேழாம் நம்பர். அடுத்தது யாரோ ஓர் இளம்பெண். நாற்பத்தெட்டு. இரண்டு கவர்களும் தட்டில் இருந்தன. நர்ஸ் கையுறை எடுக்கப் போயிருந்தாள். எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பெட்டி சுவரில் எரிந்துகொண்டிருந்தது.

கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

நாற்பத்தேழு... புது முறை.

அவளுடைய சொந்த முறை! மேடைக்கு மேடை நின்று அவள் வாதாடிய முறை! ஆனால்... தாயில்லாத பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கண் விழித்து, டாக்டருக்குப் படிக்க வைத்த அண்ணிக்கு என்று வந்தபோது, அவளால் அதை நம்ப முடியவில்லை. விட்டுவைக்கிற முடிச்சில் ஒன்று விஷமாக இருந்தால்?

நாற்பத்தெட்டையும் வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய முறை.

சலைனில் நனைத்த பஞ்சு. பசை இளகியது. சீட்டுகள் இடம் மாறின. கவர்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி பிழைத்தாள். ஆனால் ஒரு வருடத்துக்குள் அவளுடைய வலது கை வீங்கத் தொடங்கியது. நாற்பத்தெட்டு மூன்று வருடம் செக்கப்புக்கு வந்தாள். பிறகு வரவில்லை. போட்ட கடிதங்கள் எல்லாம் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. ரிஜிஸ்டரில் 'தொடர்பு இல்லை' என்று ப்ரொபசரே தன் கையால் எழுதினாள்.

எழுதியது அது. படித்தது வேறு.

செத்துவிட்டாள். நான் விட்டுவைத்த முடிச்சால் செத்துவிட்டாள். அண்ணிக்கு வந்திருக்க வேண்டிய சாவை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

*

சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தொட்டிக்குள் இரண்டு பழுப்புக் கவர்கள். கையில் கேஸ் லைட்டர்.

"அண்ணி!"

அண்ணி திரும்பவில்லை.

"இந்த விரலால ஒரு லைட்டரை அமுக்க முடியலை, குட்டி. இடது கைக்குப் பழக்கம் இல்லை. அரை மணி நேரமா டிக் டிக்னு அடிச்சுட்டு இருக்கேன். திருடறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்!"

"பெரியவரைத் தள்ளினீங்களா?"

லைட்டர் தொட்டிக்குள் விழுந்தது.

"தள்ளலை... ஆனா இழுத்தேன். உன் அண்ணின்னு தெரிஞ்சுதான் அவர் உள்ளே விட்டார். ஏணியில ஏறி எடுத்துக் காட்டினார். பறிச்சேன். மேடம் கையெழுத்து இல்லாம வெளியே போகக் கூடாதும்மான்னு அவர் விடலை. கிழிஞ்சுது. ஏணி ஆடுச்சு..." அண்ணியின் குரல் உடைந்தது. "உதவிக்கு போன் பண்ணிட்டு ஓடி வந்துட்டேன். பிழைச்சுப்பாரா?"

"ஸ்கேன்ல இருக்கார். எதுக்கு அண்ணி இப்படிப் பண்ணினீங்க?"

"நேத்து சாப்பிடும்போது சொன்னியே... திங்கட்கிழமை எல்லாக் கவரையும் பிரிச்சுப் பார்ப்பாங்கன்னு. சொல்லிட்டு ஒரு வாய் உள்ளே இறங்கலை உனக்கு. ரெண்டு தரம் ஒட்டின கவர் காட்டிக் கொடுத்துடும்ல?"



"உங்களுக்கு... தெரியுமா?"

"தியேட்டருக்கு வெளியில ஸ்ட்ரெச்சர்ல கிடந்தேன். கண்ணாடிக் கதவு. மயக்க ஊசி இன்னும் போடலை. நீ பஞ்சை நனைச்சதுகூடப் பார்த்தேன்."

"பத்தொன்பது வருஷமா தெரியும்! ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா அழுவே. அழுத கண்ணோட கத்தி பிடிக்க முடியுமா? அன்னைக்கு எனக்கப்புறம் இன்னும் மூணு பேர் காத்துட்டு இருந்தாங்க." அண்ணி தன் வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். திண்டு மாதிரி கனத்து உட்கார்ந்தது அது. "அப்புறம் இது வீங்கிடுச்சு. இனிமே கேட்டா குத்திக் காட்டற மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்."

"உங்களைக் காப்பாத்தறேன்னு நினைச்சு இந்தக் கையைக் கொடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு..."

காலிங் பெல் அலறியது!

ப்ரொபசர் போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில்... இன்ஸ்பெக்டர்! கக்கத்தில் தொப்பி. கையில் ரிஜிஸ்டர்.

"உள்ளே வரலாமா டாக்டர்? வேண்டாம்னாலும் வருவேன்."

நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த கையைப் பார்த்தார்.

"எ... எப்படி?" என்றாள் ப்ரொபசர்.

"எல்லாரும் வீடியோவுல முகத்தைத் தேடுவாங்க. நீங்க கையைப் பார்த்தீங்க. நான் உங்க முகத்தைப் பார்த்தேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முதல்ல நல்ல சேதி. பெரியவர் கண் முழிச்சுட்டார். அந்த ஏணியை மாத்துங்கன்னு பதினோரு வருஷமா எழுதிக் கொடுக்கறேன்னுதான் முதல் வாக்குமூலமே! அடுத்தது, அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டார்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஆனா, கவரைத் திருடினது திருடினதுதான். யார் சொல்லி..."

"நான்!" ப்ரொபசர் குறுக்கே வந்து நின்றாள். "எல்லாத்துக்கும் நான்தான் காரணம். அண்ணியை விட்டுடுங்க. என்னைக் கைது பண்ணுங்க. நான் ஒரு பொண்ணைக் கொன்னுட்டேன்!"

"குட்டி! வாயை மூடு!"

"பத்தொன்பது வருஷம் மூடியாச்சு அண்ணி. போதும்." அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். வெளிச்சப் பெட்டி. பஞ்சு. சீட்டு. ஒன்றையும் விடவில்லை. "அந்த நாப்பத்தெட்டு செத்துட்டா. நான் மாத்தின சீட்டாலதான் செத்தா."

"எப்ப செத்தாங்க?"

"தெரியாது."

"எங்கே?"

"தெரியாது. கடிதம் எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

"கடிதம் திரும்பினா சாவா? எங்க டிபார்ட்மென்ட்ல பாதிப் பேர் செத்திருக்கணுமே டாக்டர்!" இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "பாடி இல்லாம கொலைக் கேஸ் எழுதினா கோர்ட்ல என்னைத்தான் திட்டுவாங்க. ஆனா ஒண்ணு... பாடி இருக்கு."

"எ... எங்கே?"

"உங்க எதிர்ல. நாற்காலியில உட்கார்ந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை விரித்து, நாற்பத்தெட்டுக்கு நேரே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

"நானும் ரிஜிஸ்டரைப் பார்க்கற வரைக்கும் நம்பர் தெரியாமத்தான் இருந்தேன். அப்ப எஸ்.ஐ. டிரெயினிங் முடிச்சு எட்டு மாசம். இடுப்பு வரைக்கும் முடி. பேர் பின்னாடி வீட்டுக்காரர் பேர். இப்ப அந்த முடியும் இல்லை, அந்தாளும் இல்லை."

"அவர் இறந்துட்டாரா?" என்றாள் அண்ணி.

"சேச்சே, ஓடிட்டார்! வீடு மாறினேன், பேரை மாத்தினேன், டிரான்ஸ்ஃபர் மேல டிரான்ஸ்ஃபர். செக்கப் கடிதம் என் பின்னாடி ஓடி ஓடிக் களைச்சுப் போயிருக்கும். பத்து வருஷமா வேற ஊர் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வர்றேன். சுத்தமா இருக்கேன், டாக்டர்." வலது கையைத் தலைக்கு மேல் விசுக்கென்று தூக்கிக் காட்டினார். "லத்தி பிடிச்ச கை. வீங்கியிருந்தா மெடிக்கல் டெஸ்ட்ல தூக்கி ஒரு மூலை மேஜையில போட்டிருப்பாங்க."

ப்ரொபசர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க." இன்ஸ்பெக்டரின் குரல் சட்டென்று இறுகியது. "எனக்கு நல்லதாப் போச்சு. அது நீங்க செஞ்ச உதவி இல்லை. ஆபத்துன்னு நீங்க நினைச்சதைத்தான் என் பக்கம் தள்ளினீங்க. என் முகத்தைக்கூட சரியாப் பார்க்காம. எந்த செக்ஷன்ல வரும்னு தெரியலை. ஆனா கோபம் வருது."

"வரணும்," என்றாள் ப்ரொபசர். "எவ்வளவு வேணாலும் வரட்டும்."

இன்ஸ்பெக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார். மேஜை மேல் கிடந்த அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கியது.

"அப்ப... பத்தொன்பது வருஷமா நீங்க சுமக்கறது என் கையா?"

அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"கனமான கைம்மா உன்னுது!"

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் ப்ரொபசர் எழுந்து தொட்டியிலிருந்து கவர்களை எடுத்தாள். மூலை கிழிந்த நாற்பத்தெட்டைத் துடைத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"உங்க கணக்கு முடிஞ்சதும் திருப்பிக் கொடுங்க. திங்கட்கிழமை இதை நானே அந்தக் குழு முன்னாடி வெச்சு, நடந்ததை எழுதிக் கொடுக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு!" அண்ணி பதறினாள். "முப்பது வருஷ உழைப்பு! பதவி போயிடும், பேர் போயிடும்!"

"போகலாம். மத்த எண்ணூத்திப் பத்துப் பேரோட கவர் நேர்மையா இருக்கு, அண்ணி. அது நிக்கணும்னா, இந்த ரெண்டையும் நான் சொல்லியாகணும். வேற யாராவது கண்டுபிடிச்சா எல்லாக் கவரையும் சந்தேகப்படுவாங்க. அப்புறம் பழையபடி எல்லாரும் எல்லா முடிச்சையும் வெட்ட ஆரம்பிச்சுடுவாங்க. ஊர் பூரா உங்க கை மாதிரி கை."

அண்ணி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "பெரியவர் புகார் இல்லைன்னுட்டார். கவரும் கிடைச்சாச்சு. கேஸ் போடணும்னா அந்த ஏணி மேலதான் போடணும். அப்புறம் டாக்டர்... பதினாறு வருஷ செக்கப் பாக்கி இருக்கே, எப்ப வரட்டும்?"

"இப்பவே!" ப்ரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உட்காருங்க. கையை நீட்டுங்க, பார்க்கறேன்."

"குட்டி."

அண்ணியின் குரலில் இதுவரை கேட்காத ஒரு தயக்கம்.

"என்ன அண்ணி?"

"ஊர்ல இருக்கற வீங்கின கையெல்லாம் மடியில போட்டு நீவி விடுறே. இந்தக் கைக்கு மட்டும் ஆள் அனுப்பறே. கட்டுப் போட ஒருத்தி, உறை மாட்ட ஒருத்தி. நீ தொட்டதே இல்லை. தொட்டா உடைஞ்சு போவேன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கலை. இத்தனை வருஷமா நாக்கு நுனியிலயே நிக்குது..."

"சொல்லுங்க அண்ணி..."

அண்ணி தன் கனத்த கையை இடது கையால் தூக்கி, நாத்தனாரின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதை ஒரு தரம் நீ நீவி விடேன்டி! அவங்க நாப்பத்தெட்டு, நான் நாப்பத்தேழு... இந்தத் தடவையாவது வரிசையை மாத்தாம பாரு!"